சீட்டுக் கட்டிய மான்

சாலையோரம் பெரிய கொம்பு மான் நின்றிருந்தது. கிளைடு ஆமண்ட்சன் வண்டியை நிறுத்தினான்.

வண்டி ஜன்னல் வழியாகச் சுட்டதால்தான் முன்பு அவனுடைய வேட்டை லைசென்ஸ் பறிபோனது. வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, இப்போதுதான் திரும்ப வாங்கியிருக்கிறான்.

“மறுபடி தொலைச்சிட்டு வந்தே, குளிர்காலம் பூரா உனக்கு கறி கிடையாது, பீன்ஸ்தான்” என்று மனைவி டார்லா சொல்லியிருந்தாள்.

ஆகவே இறங்கினான். வேட்டைக்காரர் கட்டாயம் போடவேண்டிய ஆரஞ்சுச் சட்டையை மாட்டினான். சாலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போன பிறகே துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டான். அதுவரை மான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி காத்திருந்தது. நல்ல சுபாவம்.

சுட்டான். மான் வாலை ஆட்டியது. மறுபடி சுட்டான். நான்கு காலும் விறைத்தபடி சாய்ந்தது. ஓடிப்போய், வருஷத்துக்கு ஒன்றே ஒன்று தரும் லைசென்ஸ் சீட்டை, விதிப்படி முதல் வேலையாகக் கொம்பில் கட்டினான்.

புதருக்குள்ளிருந்து வேட்டை அதிகாரி ரஸ் எழுந்து வந்தார்.

“நான் எதையாவது மீறினேனா, ஆபீசர்?”

“மீறலியே, அதான்யா வயித்தெரிச்சல்! வண்டியிலேர்ந்து சுடுறவனைப் பிடிக்க நாங்க நிறுத்தின பொம்மை இது. உள்ள மோட்டார் வேற. எல்லாம் போச்சு!”

“அப்போ சீட்டை அவுத்துக்கட்டுமா?”

ரஸ் முகம் கொஞ்சம் தெளிந்தது. “கட்டினா கட்டினதுதான். இந்த வருஷம் உனக்கு வேற மான் கிடையாது. சட்டம் படிச்சியே?”

“படிச்சேன் ஆபீசர். சீட்டுக் கட்டினவனுக்குத்தான் மான் சொந்தம்னும் படிச்சேன். அந்தப் பின்னங்காலைக் கொஞ்சம் பிடிங்க, வண்டியில ஏத்தணும்.”