தேவேந்திரன் வீட்டுப் பொருள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறிய மறுநாளே லைட்ஹவுஸ் குப்பத்தில் திருட்டு நடந்துவிட்டது. ஊர்த் தலைவர் தேசப்பனுக்கு அது பெரிய தலைகுனிவு. தான் தலைவரான பிறகு ஊரில் ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை என்று போகிற கல்யாணத்திலெல்லாம் பீற்றிக்கொள்கிறவர் அவர்.

காணாமல் போனது தேவேந்திரனின் வீடியோ கேம் பெட்டி.

தேவேந்திரன் காசிமேட்டு விசைப்படகில் வேலை பார்ப்பவன். வருஷம் முழுக்கக் கடலில் கிடந்தாலும், புதுசாக ஒரு கேம் டிஸ்க் வந்துவிட்டால் வாங்காமல் இருக்க மாட்டான். ஆட நேரம் ஏது? "தடைக்காலம் வரட்டும், மொத்தத்தையும் ஒக்காந்து ஆடி முடிச்சுடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அதற்காகவே காத்திருந்தவன்.

இளகின மனசுக்காரன் வேறு. யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வராது. குப்பமே சொந்தபந்தம், கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவன் வீட்டிலா கை வைத்தார்கள் என்றுதான் தேசப்பனுக்கு ஆத்திரம்.

"ஸ்டேஷனுக்குப் போலாம்னு பாக்கறேன் தலைவரே" என்றான் தேவேந்திரன்.

"போலீஸ் உள்ள வந்தா ஊர் மானம் இன்னா ஆவறது? யார் மேலனா சந்தேகம் கீதா?"

தேவேந்திரன் மணலைப் பார்த்தான். "என் வாயால ஒருத்தர் பேரச் சொல்ல மாட்டேன்."

அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் பெண்டாட்டி கஸ்தூரியின் தம்பி விஜய், "நீதான் கடல்லயே கெடக்கற, அந்தப் பெட்டிய என்கிட்ட குடுத்துடு மாமா" என்று டீக்கடையில் பத்துப் பேர் காதுபடக் கேட்டவன். போலீஸ் வந்தால் முதலில் அவன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அதோடு கஸ்தூரிக்குத் தாய்வீட்டு வாசல் அடைபட்டுப்போகும். அதை நினைத்தாலே தேசப்பனுக்குப் பாவமாக இருந்தது.

"கூடை வெச்சுடலாம்" என்றார்.

அந்தக் குப்பத்தில் பொருள் தொலைந்தால் கூடை வைப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கொரு மீன்கூடையைத் துணியால் மூடி, வலைக் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். எடுத்தவன் கூடையில் பொருள் இருக்கும். மற்றவை வெறும் கூடைகள். எது யார் கூடை என்று தலைவர் கேட்கக் கூடாது. கையில் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவன் வலையில் எல்லையம்மன் ஒரு மீனையும் ஏற விட மாட்டாள்.

தேவேந்திரன் தலையைச் சொறிந்தான். "மைக்ல பெட்டினு சொல்லாதீங்க தலைவரே, எடுத்தவன் உஷாராயிடுவான். தேவேந்திரன் வீட்டுப் பொருள்னு பொதுவா சொல்லுங்க."

நல்ல யோசனையாகப் பட்டது. "தேவேந்திரன் வீட்டுப் பொருள் எதுவா இருந்தாலும் சரி, யார்கிட்ட இருந்தாலும் சரி, சாயங்காலத்துக்குள்ள கூடைக்கு வந்துடணும்" என்று கோயில் மைக்கில் முழங்கினார். அம்மன் பேரைச் சொல்லும்போது குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் கூடைகள் வரிசையாக வந்தன. விஜய் மட்டும் ஒரு பெரிய ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"கூடை பிஞ்சுடுச்சு பெரிப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான். தேசப்பனுக்கு மனசு விட்டுப்போனது. கடைசியில் வீட்டு ஆள்தானா?

எல்லோரும் போன பிறகு ஐஸ் பெட்டியைத்தான் முதலில் திறந்தார். உள்ளே தேவேந்திரனின் மழைக்கோட்டு. அதற்கடியில் நாலைந்து கேம் டிஸ்க்குகள். கேம் பெட்டி இல்லை.

அடுத்த கூடையில் இரண்டு டிஸ்க். அதற்கடுத்ததில் ஒரு டார்ச் லைட். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் கூடையாகத்தான் இருக்க வேண்டும், இட்லிக் குண்டான் ஒன்று மூடியோடு இருந்தது. துறைமுக வேலைக்குப் போய்ச் சொந்தமாகக் கேம் பெட்டி வாங்கி வைத்திருக்கிற பையன்கள் வீட்டுக் கூடைகளில் எல்லாம் டிஸ்க், டிஸ்க், டிஸ்க். சிவப்புத் துணி கட்டிய கூடையை அவருக்கே அடையாளம் தெரிந்தது. மகன் சரவணன் ஆறு மாதமாக வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த கார் ரேஸ் டிஸ்க் அதில் இருந்தது. தலைவருக்குக் காது சூடாகிவிட்டது.

கடைசிக் கூடைவரை பார்த்தாகிவிட்டது. பெட்டியை மட்டும் காணோம்.

ஆள் அனுப்பி தேவேந்திரனை வரவழைத்தார். குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது.

"பெட்டி போனா போவட்டும் தலைவரே. யார் இன்னா கஷ்டத்துல எடுத்தாங்களோ. ஸ்டேஷன் கீஷன்லாம் வேணாம், உட்டுடுங்க."

தேசப்பன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா? விஜயைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அதே ஐஸ் பெட்டியில் போட்டு மாமனோடு தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். சந்தேகப்பட்ட பாவத்துக்கு அவன் முதுகிலும் ஒரு தட்டு தட்டினார்.

மறுநாள் மதியம், மனைவி வேலம்மா வைத்த நண்டுக் குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு தேவேந்திரன் வீட்டுக்கு நடந்தார். மலை மாதிரி டிஸ்க் வைத்துக்கொண்டு, போட்டு ஆடப் பெட்டி இல்லாமல் பிள்ளை எப்படித் தவிக்கிறானோ என்று வழியெல்லாம் நினைப்பு. ஊர் சார்பில் புதுசாகவே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார். அதைச் சொன்னதும் அவன் முகம் எப்படி மலரும் என்ற சந்தோஷத்தில் நடை வேகமாகியது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கஸ்தூரியின் குரல் கேட்டது.

"டிஸ்க்கெல்லாந்தான் வூடு வந்து சேந்துச்சே, இப்பனாச்சும் அந்தப் பெட்டிய அரிசி டிரம்முலேர்ந்து எடுய்யா, நான் உலை வெக்கணும்."