வெளுத்த மோதிரம்

"இது தங்கமா, தகரமா? நீங்களே உங்க வாயால சொல்லுங்க பத்தரே!"

அந்த அம்மாள் மோதிரத்தை மேஜைமேல் டக்கென்று வைத்தாள். சில மாதங்களுக்கு முன், விரல் அளவுக்கு ஒரு நூல் துண்டைக் கொடுத்து, அதே கடையில் அவள் செய்து வாங்கிப் போன ஆண்பிள்ளை மோதிரம். வாங்கியபோது மஞ்சளாக மின்னியது. இப்போது பாதிக்கு மேல் வெள்ளி மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

சங்கிலிக்குக் கொக்கி வைக்கக் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருந்த தையற்காரர் மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள்.

பத்தருக்கு உரைகல் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, பாதரசம் பட்ட தங்கம். நெருப்பில் காட்டினால் ரசம் ஆவியாகிப் பழைய நிறம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட மோதிரங்கள் அவரிடம் அவ்வப்போது வருவதுண்டு. கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். கூலியில் பேரம் பேச மாட்டார்கள்.

பென்சிலின் என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத காலம் அது. தகாத சகவாசத்தில் ஒட்டிக்கொள்ளும் மேகவியாதி என்று போனால் டாக்டர்கள் பாதரசக் களிம்பைக் கொடுத்து, தினமும் உடம்பில் தேய்க்கச் சொல்வார்கள். ஆளைக் கொண்டு போவதில் வியாதி முந்துமா, மருந்து முந்துமா என்பதற்கு மட்டும் அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை. தேய்க்கும்போது மோதிரத்தைக் கழற்ற மறந்தவர்கள் நேரே பத்தரிடம் வருவார்கள். பத்தரும் ஒன்றும் கேட்காமல் சுட்டு, மெருகேற்றிக் கொடுத்துவிடுவார். இதைப் பற்றிப் பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை.

ஒரு பெண்பிள்ளை அந்த மாதிரி மோதிரத்தோடு வந்தது இதுதான் முதல் தடவை.

"இதைப் போட்டிருக்கறவருக்கு என்னம்மா வேலை?"

"ஆபீஸ் உத்தியோகம். பேனாவைத் தவிர எதையும் தொட மாட்டாரு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். உடம்புக்கு ஏதாவது...?"

"முட்டி வலியாம். என்னமோ களிம்பு தேச்சுக்கறாராம். கொஞ்ச நாளா ஆளே சரியில்ல. எந்நேரமும் வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, கைக்குட்டையும் கையுமா இருக்காரு. ஆசையா சமைச்சுப் போட்டா மெல்ல முடியல, பல்லு ஆடுதுங்கறாரு. பல்லு ஆடற வயசா அது?"

எச்சில் ஊறுவதும் பல் ஆடுவதும் அந்தப் பாதரசக் களிம்பின் வேலை. பத்தருக்கு மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

"இதைக் கழட்டி வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. ஏதேதோ சொல்லி மழுப்பினாரு. எனக்கு மனசுக்குச் சரியாப் படல." அந்த அம்மாளின் குரல் இறங்கியது. "தங்கம்தான் மட்டமா, இல்ல வேற ஏதாவது பட்டு இப்படி ஆச்சா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்வேன் என்று சொன்ன யாரும் தாங்கியதாகப் பத்தருக்கு ஞாபகம் இல்லை.

உள்ளதைச் சொன்னால் ஒரு குடும்பம் இன்றைக்கே சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் தன் பெயர் போகும். கலப்படம் செய்கிறவன் என்று ஒரு தரம் பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். பெஞ்சில் தையற்காரர் மனைவி வேறு இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. பத்தருக்குப் பாவமாக இருந்தது.

"தப்பு என் மேலதாம்மா" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"கலவை பிசகிடுச்சு. வெள்ளி அதிகமாப் போயிடுச்சு. அதான் இப்படி வெளுத்திருக்கு."

"வேற எதுவும் படலியே?"

"படல."

"சத்தியமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்னம்மா லாபம்? என் கடைப் பேரை நானே கெடுத்துக்குவேனா?" என்று சொல்லிவிட்டு, மோதிரத்தை அவசரமாக டிராயருக்குள் தள்ளினார். "புதுசா ஒண்ணு செஞ்சு தரேன். காசு வேணாம்."

தையற்காரர் மனைவி எழுந்தாள். "என் சங்கிலியைக் குடுத்துடுங்க."

"இன்னும் கொக்கி வெக்கலியேம்மா."

"பரவாயில்ல. கொக்கி இல்லாமலே போட்டுக்கறேன்."

வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் போன திசையில் இருந்த அத்தனை வீட்டையும் பத்தர் மனசுக்குள் நினைத்துப் பார்த்தார். ஆனாலும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதில் லேசாகப் பெருமையும் இருந்தது.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

"என் வயித்துல பாலை வார்த்தீங்க பத்தரே! என் தம்பி ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருக்கான். அவன்தான் சொன்னான், 'எதுக்கும் பத்தர்கிட்ட காட்டிடு அக்கா, எந்தப் பத்தரும் தன் தங்கத்தைத் தானே மட்டம்னு சொல்ல மாட்டாரு. அவரே ஒத்துக்கிட்டாருன்னா அப்புறம் நமக்குப் பயமில்ல'ன்னு."

பத்தர் வாயைத் திறப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். தெருவில் நின்றிருந்த வண்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அழாதடி, கண்ணைத் துடை! கோளாறு மோதிரத்துலதானாம், மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. வெள்ளிக்கிழமை கல்யாணத்தை நடத்திடலாம்!"