திரையில் ஒரு மேடு

மூன்று மணி நேரமாக, கறுப்புத் துணி மூடிய தொட்டிக்குள் உலோகச் சிறகு மேலும் கீழும் அசைகிறது. மோட்டார் முனகுகிறது. 'நீரோட்டம் சிறகைத் தூக்கும் விசை' என்று பெயரிட்ட கோடு, திரையில் அழகான மேடாக எழுகிறது. ஆய்வு மாணவியான அவளுடைய நான்கு வருட உழைப்பு முழுவதும் அந்த மேட்டின் மேல்தான் நிற்கிறது. "கலக்கிட்டேம்மா! தண்ணி என்னமா தூக்குது பாரு! நாளைக்கு மேடையில இதைக் காட்டினா எவன் வாயத் திறப்பான்?" பேராசிரியர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. முதல் வருடம் அவள் கேட்ட ஒரேயொரு சோதனையை, "அதெல்லாம் வெட்டி வேலை" என்று தள்ளியவர் அவர். அவள் தொட்டியின் அருகே போய் நிற்கிறாள். "என்னம்மா, முகத்துல ஈயாடல?" அவள் துணியை விலக்குகிறாள். "அது மோட்டாரோட உதறல் சார். முதல் வருஷம் நான் கேட்ட சோதனை இதுதான். தொட்டியில தண்ணியே இல்ல."