செபஸ்தியானின் ஏரியல்

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் விடிகாலையில் தம்பி சோலைமலையை வெட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு, கண்ணுசாமி மத்தியானம் வடமதுரைக்கு வந்தான். பழுதுபார்க்கக் கொடுத்த ரேடியோவை இன்று வாங்குவதாகச் சொல்லியிருந்தான். வராவிட்டால் ஊர் சந்தேகப்படும். அரிவாள் இன்னும் கையிலிருந்த சாக்குப்பையில் இருந்தது.

கடைக்காரன் செபஸ்தியான் மரச்சட்டத்தில் கம்பி சுற்றி அந்த ரேடியோவுக்குப் புதிதாக ஒரு ஏரியல் செய்திருந்தான்.

"எந்தப் பக்கம் திருப்புறமோ அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டுந்தேன் வரும்ணே."

திருச்சிப் பக்கம் திருப்பினான். நாதஸ்வரம் வந்தது. அப்படியே சுற்றிக் கண்ணுசாமிக்கு நேரே நிறுத்தினான்.

"அண்ணே, வேணாம்ணே," என்றது ரேடியோ. பிறகு எலும்பில் இரும்பு இறங்கும் சத்தம்.

கண்ணுசாமி வாசல் பக்கம் நகர்ந்தான். குரல் தேய்ந்தது. செபஸ்தியான் ஒன்றும் புரியாமல் சட்டத்தை வாசல் பக்கம் திருப்பினான். குரல் திரும்பி வந்தது.

"ஒங்க தம்பி கொரல் மாதிரில இருக்கு."

சாக்கிலிருந்து அரிவாள் வந்தது. "அண்ணே, வேணாம்ணே," என்றான் செபஸ்தியானும். முதல் வெட்டு அவன் கழுத்தில் விழுந்தது. அடுத்த வெட்டில் சட்டமும் கம்பியும் அறுந்து விழுந்தன. ரேடியோ அடங்கியது.

கண்ணுசாமி கையைக் கழுவிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். அங்கே ரேடியோவில் நெல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும் நெல் விலை நின்றது.

"அண்ணே, வேணாம்ணே."

இந்த முறை இரண்டு பேர் சொன்னார்கள்.