பேச இருந்த அறை

மலைமேல் செம்மேட்டில் மழை விட்டிருக்கிறது. ஜன்னல் வழியே வெளுத்த வெயில் காலி மேசைமேல் விழுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னை மருத்துவர்களும் சேர்ந்து நடத்திவந்த எச்ஐவி ஆய்வு, நிதி இல்லாமல் இன்றோடு நிற்கிறது. நோயாளிகளிடம் பேச அந்த மருத்துவர்களிடம் பயிற்சி பெற்ற கலைச்செல்வி, அதை இருசாயியிடம் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அதே மலையில் திருப்புலி நாடு என்னும் ஊர்ப்பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த இருசாயி, ஈர முந்தானையை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் சுற்றுகிறாள். "மாத்திரை பெரியாஸ்பத்திரியில எப்பவும்போலக் கெடைக்குங்கக்கா" என்கிறாள் கலைச்செல்வி. "அது கெடைக்குமுங்க கண்ணு. இந்த நோவப் பத்தி வாய்விட்டுப் பேச உங்களத் தவிர எனக்கு ஆரு இருக்கறாங்க? பெத்த புள்ளைக்கே தெரியாதுங்களே."

பயிற்சியில் ஆறுதல் சொல்லக் கற்ற கலைச்செல்விக்குக் கண்தான் நிறைகிறது. இருசாயி எழுந்து வந்து, காய்த்துப்போன உள்ளங்கையால் அவள் கன்னத்தைத் துடைக்கிறாள். "அழுவாதீங்க சாமி. இனி ரோட்டுல என்னயப் பாத்தாச் சிரிச்சுப்போடாதீங்க. எப்படிப் பழக்கம்னு ஆராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போகிறாள். கீழே பஸ் ஹாரன் அடிக்கிறது. கையசைக்க எழுந்த கலைச்செல்வி, ஜன்னலுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறாள்.