கடைசி நாலு வரி

"இருபத்து மூணாம் பக்கத்தை எடுங்க."

பேராசிரியர் உட்காரக்கூட இல்லை. தன்னுடைய கவிதைப் புத்தகத்தைப் பதிப்பாளரின் மேஜைமேல் தொப்பென்று போட்டார். புத்தகம் வெளிவந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று ஒரு கூட்டத்தில் வாசிக்க எடுத்தபோதுதான் கவிஞரே அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

பதிப்பாளர் வாய்விட்டுப் படித்தார்.

"புது வாடகை வீட்டின் சுவரில்
யாரோ தங்கள் குழந்தையின் உயரத்தைக்
கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.
வருடத்துக்கு ஒன்றாக
நான்கு கோடுகள்.
ஐந்தாவது இல்லை."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாத்தானே இருக்குங்க ஐயா."

"மீதி எங்கே? 'ஐயகோ மரணமே, பிஞ்சையும் தின்றாயோ, மானுடமே விழித்தெழு, மழலைகளைக் காத்திடு.' முழுசா நாலு வரியைக் காணோம். என் கவிதையோட உயிரே அதுலதான் இருக்கு."

பதிப்பாளருக்கு வியர்த்தது. எந்தப் புத்தகம் கல்லூரிகளில் பாடமாகும் என்று முடிவு செய்கிற குழுவுக்குப் பேராசிரியர்தான் தலைவர். அவரைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. புரூஃப் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பக்கத்துல இடம் பத்தலையாம்மா?" என்று பதிப்பாளர் எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"இல்லைங்க சார், இடம் இருந்துச்சு. அந்த நாலு வரி வேண்டாம்னு தோணுச்சு."

"தோணுச்சா?" பேராசிரியர் சிரித்தார். அதற்குப் பதில் அவளை இரண்டு அறை அறைந்திருக்கலாம். "முப்பது வருஷமா எழுதறேன். என் வரியில கை வைக்க நீ யாரு?"

"உங்க ஸ்டூடண்ட் சார். மூணு வருஷம் ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்து கேட்டிருக்கேன். கவிதையோட கடைசி வரியை வாசகன்தான் எழுதணும், அதையும் நாமே எழுதிட்டா அவனுக்கு வேலை இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

பேராசிரியருக்கு அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. சொன்னது நினைவுக்கு வந்தது. வருடா வருடம் சொல்வதுதான்.

"நானா எடுத்துடல சார்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் புரூஃப் கட்டைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். "கடைசி புரூஃப்ல பென்சில்ல கோடு போட்டு, 'இது தேவையா சார்?'னு பக்கத்துலயே எழுதித்தான் உங்களுக்கு அனுப்பினேன். 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கீங்க."

கையெழுத்து அவருடையதுதான். கட்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி 'சரி' இருந்தது.

"நான் எழுதினதை நானே உட்கார்ந்து படிக்கணுமா? அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்காங்க?"

பேராசிரியர் பதிப்பாளர் பக்கம் திரும்பினார். "ஸ்டாக்ல இருக்கிற பிரதி எல்லாத்துலயும் அந்த நாலு வரியைத் துண்டுச் சீட்டுல அச்சடிச்சு ஒட்டுங்க. இவளை வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா இந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், ரெண்டு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். இனிமே எதையும் தொட மாட்டேன் சார்."

பதிப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"விருதுக் குழுவிலிருந்து பேசறேங்க. இந்த வருஷம் கவிதைக்கான விருது உங்க பேராசிரியர் புத்தகத்துக்குத்தான். அந்த உயரக் கோடு கவிதை ஒண்ணே போதும்."

பேராசிரியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குழந்தை போயிடுச்சா, இல்லை குடும்பம் வேற வீட்டுக்குக் குடி போயிடுச்சான்னு நடுவர்கள் மூணு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். ஒரு அம்மா நடுவுல எழுந்து போய், பையன் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானான்னு வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு வந்தாங்க. வழக்கமா கடைசியில நாலு வரி உபதேசம் வெச்சிருப்பாரு மனுஷன். எங்கே நிறுத்தணும்னு இப்பத்தான் கத்துக்கிட்டாரு. நாங்க சொன்னோம்னு சொல்லுங்க."

போன் ஓய்ந்தது.

"வாழ்த்துகள் சார்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. வேலை போகப் போகிறது என்பதையே ஒரு நிமிடம் மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

"நீ கொஞ்சம் வெளியே இரும்மா," என்றார் பேராசிரியர். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"அப்போ அந்தத் துண்டுச் சீட்டு?" என்று பதிப்பாளர் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு? கவிதை அப்படியே இருக்கட்டும்."

பதிப்பாளருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நானும் அதைத்தாங்க நெனச்சேன். அந்தப் பொண்ணும் இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஏதோ கோபத்துல சொல்லிட்டீங்க."

பேராசிரியர் மேஜைமேல் இருந்த அந்த ஒரு புரூஃப் தாளை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப கோபத்துல சொன்னேன். இப்ப நிதானமாச் சொல்றேன். அவளை இன்னிக்கே அனுப்பிடுங்க."