அறுபத்துநாலு கே

"அறுபத்துநாலு கே-யில திரும்பவும் விழுந்துட்டு, சார்," என்றாள் கௌசல்யா போனில்.

பிரவின்ராஜ் தலையில் கை வைத்தான். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓட்டிக் காட்டும் மென்பொருள் அவன் எழுதியது. அதைச் சோதிப்பது எதிர்க் கட்டிடத்திலுள்ள வேறொரு கம்பெனியில் கௌசல்யாவின் வேலை. கம்ப்யூட்டர் தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக வெட்டி வைத்துக்கொள்ளும். பக்கம் நாலு கே, அதாவது நாலு கிலோபைட், அளவில் இருந்தால் அவன் சரக்கு பறந்தது. பதினாறில் நொண்டியது. அறுபத்துநாலில் படுத்தேவிட்டது.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் பாஸ் போட்டு விடுங்க. சாயங்காலம் பொண்ணு பாக்கப் போணும். ஆரியசாலையில அவங்க காத்துக் கெடப்பாங்க. ஆறு மணியோட நல்ல நேரம் முடியுது."

"காத்துக் கெடக்கட்டும்."

"அம்மா என்னக் கொன்னுருவா."

"எல்லாச் செங்கலும் ஒரே அளவுன்னு நெனச்சுச் சுவர் கெட்டியிருக்கீங்க. கோடிங்ல நாலு கே-ன்னு அடிச்சு வச்சது யாரு, நானா?"

கொத்தனார் மகனான பிரவின்ராஜுக்கு அந்தச் செங்கல் கணக்கு உறைத்தது. ஆனாலும் கெஞ்சிப் பார்த்தான்.

"தரகர் அலைஞ்சு கொண்டுவந்த சம்பந்தம், மேடம். கலைஞ்சு போச்சுன்னா?"

"கலையாம இருக்கணும்னா சட்டுன்னு திருத்துங்க. நானும் வீட்டுக்குப் போணும்."

போனை வைத்துவிட்டாள்.

நாலு கே என்று எழுதிய இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து, பக்கத்தின் அளவை மெஷினிடமே கேட்டுக்கொள்ளும்படி மாற்றினான். அனுப்பினான். விழுந்தது. விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பினான்.

"பாஸ். ஓடுங்க," என்றாள்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த அம்மா வடிவம்மாளை பைக்கில் ஏற்றிக்கொண்டு அவன் ஆரியசாலை போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியும் தறுவாய்.

பெண்ணின் அப்பா ஆறுமுகசாமி, மண்டியில் மூட்டை தூக்கிக் காய்த்த கைகளைக் கூப்பினார்.

"மன்னிக்கணும். பொண்ணு இன்னும் வந்து சேரல. எவனோ ஒருத்தன் வேலைய அரகொறையாச் செஞ்சு குடுத்துட்டானாம். அந்த வெளங்காத பயலாலதான் இவ்வளவு தாமசம்."

"சாரமில்லண்ணே, அதனால ஒண்ணும் இல்ல," என்றாள் வடிவம்மாள். "எம் புள்ளையையும் ஒருத்தி விடாம பிடிச்சு வச்சுட்டாளாம். அந்த மூதேவி எந்த வீட்டுக்கு மருமகளாப் போயி ஆட்டிவைக்கப் போறாளோ."

பிரவின்ராஜ் தரையைப் பார்த்தான்.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள் கௌசல்யா. தரகரைப் பிடித்து இந்தச் சம்பந்தத்தைக் கிளப்பிவிட்டதே தாங்கள்தான் என்பது யாருக்கும் தெரியாதபடி, இருவரும் முன்னமே பேசி வைத்திருந்தபடி, முதன்முதலாகப் பார்ப்பவர்கள் மாதிரி வெட்கப்பட்டார்கள்.